பதினோராவது பேர்

பத்துப் பேர் வந்துவிட்டது, பதினோராவது பேர்தான் வரமாட்டேன் என்கிறது. ஆள் வந்தாயிற்று, ஆளுக்கு ஒரு குறையும் இல்லை. கொச்சுத்துறைக் கோயில் முற்றத்தில், கொடிமரத்துக்கு அந்தப் பக்கம், பச்சை ஜெர்சிக்காரர்களுக்குக் கடைசியில் மஞ்சள் ஜெர்சி போட்டுக் கையுறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கிறான் கோலி, கோல் காக்கிறவன். ததேயூஸ் ஆண்கள் பக்கத்து முதல் வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அவனையே பார்க்கிறார். விடைத்த காது தெரிகிறது, மோவாயில் தையல் போட்ட தழும்பு தெரிகிறது, அந்தத் தழும்பு எந்த மேட்சில் யார் முட்டி பட்டு வந்தது என்பதுகூடத் தெரிகிறது, பேர் மட்டும் தெரியவில்லை. கோயில்பிள்ளை மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு மன்றாட்டு மாலையைத் தொடங்கிவிட்டார். மாலை முடிந்ததும் சாமியார் தீர்த்தம் தெளிப்பார், தெளித்ததும் கோச்சு, அதாவது ததேயூஸ், எழுந்துபோய்க் கொடிமரத்தடியில் நின்று பதினொரு பேரையும் விளிக்க வேண்டும். விளிக்கப்பட்டவன் "உண்டு" என்று சொல்லி மரத்தைத் தொட்டுவிட்டு மைதானத்துக்கு இறங்குவான். திருவிழா இறுதி ஆட்டத்துக்கு இந்த ஊரில் அதுதான் முறை. முன்னொரு காலத்தில் வெளியூர்க்காரனைக் காசு கொடுத்துக் கூட்டிவந்து, நம்ம பங்குப் பிள்ளை என்று சாதித்து இறக்கியிருக்கிறார்கள், அதனால் வந்த அடிபிடிக்குப் பிறகு ஒரு பழைய சாமியார் போட்டுவைத்த சட்டம். விளிக்கப்படாதவன் அன்றைக்கு இறங்கக் கூடாது. கோச்சு வாயால்தான் விளிக்க வேண்டும், கடுதாசி பார்க்கக் கூடாது. பேர் தெரியாதவனுக்குப் பிள்ளையை எப்படித் தெரியும் என்று அந்தச் சாமியார் கேட்டாராம். நல்ல கேள்விதான். செத்துப்போன சாமியார்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் உயிரோடிருக்கிறவன் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொரு தடவை முன்னாலிருந்து போய்ப் பார்க்கலாம். இடது ஓரத்தில் ஷிஜின், காற்றடித்தால் விழுந்துவிடுவான்போல இருந்துகொண்டு ஓட ஆரம்பித்தால் பிடிக்க முடியாது. அவனுக்கு உள்ளே றோபின். நடுவில் ஜெனிஷ், பக்கத்தில் அவன் சித்தப்பா மகன் டைட்டஸ், இரண்டு பேரும் ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர்கள், வீட்டுச் சண்டையை மைதானத்திலும் போடுவார்கள். இப்படியே வந்தால் தடுப்பு வரிசைவரை வழுக்கிக்கொண்டு வந்துவிடலாம். தடுப்புக்குப் பின்னால் கோல். கோலில் மஞ்சள் ஜெர்சி. மஞ்சள் ஜெர்சிக்குள் விடைத்த காது, அந்தக் காதைப் பார்த்ததும் தடாலென்று லூர்தையன் வந்து நிற்கிறான். லூர்தையன் இல்லை, லூர்தையனின் மகன். லூர்தையனைக் கடல் கொண்டுபோயாயிற்று. அது நன்றாகத் தெரியும் ததேயூஸுக்கு, தெரியாமலா இருக்கிறது, மகன் பேர் என்ன? மத்தியானம் தெரிந்திருந்ததே. மத்தியானம் பெண்சாதி மெற்றில்டா மீன்குழம்பை ஊற்றிக்கொண்டே ஜெபமாலை சொல்கிற மாதிரி பதினொன்றையும் சொன்னாள், அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கூடவே சொன்னார், ஒரு தட்டு தட்டவில்லை. அதற்குப் பிறகும் அவள் முகம் தெளியவில்லை. "கேட்டியளா, உள்ளங்கையில பேனாவால ஒரு எழுத்து போட்டு விடட்டா? ஆரும் பாக்கமாட்டாவ" என்றாள். அவருக்கு வந்த கோபத்தில் குழம்புக் கிண்ணம் நகர்ந்து போயிற்று. "கொடிமரத்துக்கு முன்னால கையப் பாத்து விளிச்சவன் இந்தக் கரையில உண்டாட்டீ? நா என்ன பத்துன்னு பேரு வாங்கணுமா?" என்றார். அவள் சிந்தின குழம்பைத் துடைத்தாள். அந்த எழுத்து இப்போது உள்ளங்கையில் இருந்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும். உள்ளங்கையைத் திறந்து பார்க்கிறார். வேர்வைதான் இருக்கிறது.

பத்து என்பது ஒரு ஆள். அவருக்கு முன்னால் கோச்சாக இருந்தவர், ஒரு திருவிழாவில் கொஞ்சம் ஊற்றிக்கொண்டு வந்து பத்துப் பேரை விளித்துவிட்டு நெற்றியைச் சொறிந்தார். ஊரே சிரித்தது, பெண்கள் பக்கம் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தார்கள், சாமியாருமே சிரித்ததாகச் சொல்லுவார்கள். அன்றோடு அவர் பேர் பத்து. அவர் வீடு பத்து வீடு, அவர் பேரப்பிள்ளைகள் இப்போதும் பள்ளிக்கூடத்தில் பத்து வீட்டுப் பிள்ளைகள். இந்தக் கரையில் மனுஷனுக்கு ஞானஸ்நானத்தில் வைக்கிற பேர் கோயில் புத்தகத்துக்கு, சனங்கள் வைக்கிற பேர்தான் சாகிறவரைக்கும், ஏன், செத்த பிறகும். ததேயூஸுக்கும் அப்படி ஒன்று உண்டு. மண்டை. மண்டை ததேயூஸ். வந்த பந்தையெல்லாம் மண்டையால் அடித்துத் திருப்பினதால் வந்த பேர். அப்போதெல்லாம் தோல் பந்து. கடற்கரையில் ஆடுவார்கள், பந்து தண்ணீரில் விழும், உப்புத் தண்ணீரைக் குடித்துக் குடித்துத் தேங்காய் மாதிரி கனத்துப்போகும், அதைத்தான் மேலே இருந்து வரவர நெற்றியால் வாங்கினார். பொறி கலங்கும். கலங்குகிறது ஒரு சுகமாகக்கூட இருந்தது. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அம்மை நெற்றியில் பதிந்த தையல் தடத்தைத் தடவிப் பார்த்து, "லேய், மண்டைக்குள்ள இருக்கியது மூளைதானா சகதியா" என்பாள். சகதிதான்போல இருக்கிறது அம்மா. கால் வைத்த இடத்தில் புதைகிறது.

அந்த மண்டைதான் சோறு போட்டது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஜில்லா அணிக்குப் போனார், அங்கே பார்த்துவிட்டு மெட்ராஸில் ஒரு பாங்க் டீமில் எடுத்துக்கொண்டார்கள், காலையில் பிராக்டீஸ், பத்தரைக்குக் கவுண்டர். சட்டைப் பையில் பேனா குத்தி நாற்காலியில் உட்கார்ந்த முதல் கொச்சுத்துறைக்காரன் அவர்தான். மாநில அணி முகாமுக்குக் கூப்பிட்டார்கள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை, முகாமுக்கு முந்தின வாரம் கண்ணூரில் ஒரு ஆட்டம், கார்னர் பந்து, இவர் எழும்பினார், எதிரணியில் ஒரு ராட்சசனும் எழும்பினான், மண்டையும் மண்டையும் மோதின சத்தம் கேலரிவரை கேட்டதாம். இவருக்குக் கேட்கவில்லை. இவருக்கு அந்த ஆட்டமே இல்லை. காலையில் புட்டும் கடலையும் தின்றது ஞாபகம் இருக்கிறது, பிறகு ஆஸ்பத்திரி மின்விசிறி. நடுவில் ஒரு பகல் முழுக்கக் காணவில்லை. "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நெனச்சுக்க" என்றார் மேனேஜர். எல்லோரும் அதையேதான் சொன்னார்கள், இவரும் சந்தோஷமாக நம்பினார். தலைக்கு வந்தது எங்கேயும் போகவில்லை. பொறுமையாக இத்தனை வருஷம் வாசலில் உட்கார்ந்திருந்துவிட்டு இப்போது உள்ளே வந்து ஒவ்வொரு சாமானாக எடுத்துக்கொண்டு போகிறது. முதலில் சின்னச் சாமான்கள். சாவி வைத்த இடம். பாங்க் மேனேஜர் பேர். போன மாசம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டு எங்கே போகிறோம் என்று தெரியாமல், கண்டக்டர் கேட்டபோது "கடைசி ஸ்டாப்" என்றார். கண்டக்டர் டிக்கெட் கொடுத்தான். கடைசி ஸ்டாப்பில் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்பினார். அதை மெற்றில்டாவிடம்கூடச் சொல்லவில்லை. பயமாக இருந்தது. இப்போதும் பயமாக இருக்கிறது. இந்த முற்றத்தில் இத்தனை சனங்களுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு, இருட்டில் தனியாக விட்ட பிள்ளை மாதிரி அவருக்குப் பயமாக இருக்கிறது.

கோயில்பிள்ளை அப்போஸ்தலர்களுக்கு வந்துவிட்டார். புனித அந்திரேயாவே. எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். புனித யாக்கோபே. எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். கொடுத்துவைத்த மனுஷன், கையில் புத்தகம் இருக்கிறது. மோட்சத்தில் உள்ள அத்தனை பேரையும் தாளைப் பார்த்து விளிக்கலாம், கொச்சுத்துறைப் பிள்ளைகள் பதினொரு பேரைத்தான் பார்க்காமல் விளிக்க வேண்டும். புனித ததேயுவே என்றார் கோயில்பிள்ளை, இவர் திடுக்கிட்டு "உண்டு" என்று சொல்லப்போய் உதட்டைக் கடித்துக்கொண்டார். கைவிடப்பட்ட காரியங்களுக்கெல்லாம் அந்தப் புனிதர்தான் துணையாம், அந்தப் பேரைத்தான் அப்பன் தேடிப்பிடித்து வைத்திருக்கிறார். பக்கத்து நாற்காலியில் கிளப் செயலாளர் பெர்க்மான்ஸ் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருக்கிறார். இவரைக் கேட்கலாம். நேராகக் கேட்டால் மாட்டிக்கொள்ளுவோம், சுற்றி வளைத்துக் கேட்கலாம். ததேயூஸ் அவர் பக்கம் சாய்ந்து, "லேய் பெர்க்மான்ஸு, நம்ம கோலி பய வந்துட்டானா? அவன் பேரச் சொல்லி ஆரோ தேடுனாவ" என்றார். சொல்லும்போதே சந்தோஷமாக இருந்தது, பாருங்கள், இன்னும் புத்தி வேலை செய்கிறது. பெர்க்மான்ஸ் கண்ணைத் திறந்து மஞ்சள் ஜெர்சியைப் பார்த்தார், பிறகு ததேயூஸைப் பார்த்தார். கொஞ்சம் அதிக நேரம் பார்த்த மாதிரி இருந்தது. "அன்னா நிக்கியாம்லா சாரே" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சாரே, வெயிலு கடுப்பமா இருக்கு. ஒங்களுக்கு முடியல்லன்னா நா விளிச்சிடுகேன்" என்றார். "எனக்கென்ன முடியாம? நீ ஜெபத்தச் சொல்லு" என்று ததேயூஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது, வெயில் எங்கே இருக்கிறது, முற்றம் பூராவும் கோபுரத்தின் நிழல்.

முடியவில்லை என்று சொல்லிவிடலாம்தான். பெர்க்மான்ஸ் விளிப்பான், ஆட்டம் நடக்கும், புத்தன்கரைக்காரர்கள் எதிரே இறங்குவார்கள், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ஆனால் இன்றைக்கு விளிக்காதவன் அடுத்த வருஷம் விளிக்கமாட்டான், விளிக்காதவன் கோச்சு இல்லை, கோச்சு இல்லையென்றால் ததேயூஸ் யார்? பந்து இல்லாத ததேயூஸை அவரே பார்த்ததில்லை. பாங்க் வேலையை ஓய்வுக்கு முன்னாலேயே விட்டுவிட்டு ஊருக்கு வந்தது இதற்காகத்தான். மெற்றில்டா அப்போது மூன்று நாள் பேசவில்லை. மைதானம் என்று சொல்ல ஒன்றுமில்லை, கருவாடு காயப்போடுகிற மணல். பிள்ளைகள் கடலுக்குப் போய்விட்டு வந்து கண் சிவக்க ஓடுவார்கள், ஐந்து பைசா கிடையாது, யாருக்கும் கிடையாது, பிறந்த பங்குக்கு ஆடுகிறவனுக்கு எதற்குக் காசு. எல்லோரையும் கண்டித்திருக்கிறார், செவிட்டில் அறைந்திருக்கிறார், இழவு வீட்டில் தோளில் சாய்த்து அழவிட்டிருக்கிறார். இந்த வேலையில் அவருக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான். கால் போனவனிடம், மூச்சுப் போனவனிடம், உன் காலம் முடிந்தது என்று சொல்ல வேண்டியது. அதை அவர் அப்படிச் சொன்னதில்லை. பக்கத்தில் போய்த் தோளில் கை வைத்து, "நீ பெஞ்சில இரி மக்கா. நாங்க பாத்துக்கிடுவோம்" என்பார். இன்றைக்கு மட்டும் என்பதுபோல ஒரு மெத்தென்ற குரலில் சொல்லுவார். அது இன்றைக்கு மட்டும் இல்லை என்று சொல்கிறவனுக்கும் தெரியும், கேட்கிறவனுக்கும் தெரியும். எல்லோரும் ஒரே மாதிரித்தான் செய்தார்கள். "சரி சாரே" என்பார்கள், உடனே குனிந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து இறுக்கிக் கட்டுவார்கள், ஏற்கெனவே கட்டியிருக்கிற கயிற்றை. முகத்தை யாரும் பார்க்கக் கூடாதில்லையா. இதோ இந்தப் பெர்க்மான்ஸும் கட்டினவன்தான். ரொம்ப நேரம் கட்டினான்.

லூர்தையனுக்கு மட்டும் அதைச் சொல்ல வேண்டி வரவில்லை. இரண்டு பேரும் ஒரே வயசு, ததேயூஸ் தடுப்பில் நடு ஆள், அவன் பின்னால் கோலில். பந்து மேலே வரும், இவர் மண்டையைத் தயார் பண்ணுவார், பின்னாலிருந்து சத்தம் வரும், "ததேயு, விடு, எனக்கு!" திரும்பிப் பார்க்கத் தேவையில்லை, தலையைக் குனிந்தால் போதும், இரண்டு பெரிய கைகள் இவர் தலைக்கு மேலே வந்து பந்தை அள்ளிக்கொண்டு போகும். எத்தனை அடி அந்தக் கைகளால் தப்பியிருக்கும். கண்ணூரில் அவன் கோலில் இல்லை, இருந்திருந்தால் விடு என்று கத்தியிருப்பான், இவர் குனிந்திருப்பார், இன்றைக்குப் பதினோராவது பேர் சுலபமாக வந்திருக்கும். புயலடித்த வருஷம் போனான். கூடப் போன வள்ளங்கள் திரும்பின, அவனுடையது திரும்பவில்லை, உடம்பும் கிடைக்கவில்லை. உடம்பு கிடைக்காதவனை எந்த நாளில் செத்தான் என்று சொல்லுவது. அவன் பெண்சாதி ஸ்டெல்லா வருஷக்கணக்கில் பூசை கேட்காமல் இருந்தாள், பூசை கேட்டால் செத்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடுமாம். அவள் முன்னால் அந்தப் பேரை யாரும் எடுப்பதில்லை. ஊரில் ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்லாத பேர் ஒன்று இருக்கிறதென்றால் அது லூர்தையன், அதுதான் இவர் வாயில் வந்து குந்தியிருக்கிறது, போ என்றால் போகவில்லை. மகனுக்கு ஞானஸ்நானம் நடந்த அன்றைக்குப் பிள்ளையைக் கையில் ஏந்தினவர் ததேயூஸ்தான். ஞானத்தகப்பன். பிள்ளைக்கு என்ன பேர் என்று சாமியார் கேட்டபோது இந்த வாய்தான் உரக்கச் சொன்னது. என்ன சொன்னது? தண்ணீர் ஊற்றினதும் பிள்ளை வீரிட்டது, லூர்தையன் "நல்ல தொண்ட, கோலிக்கி ஆகும்" என்று சிரித்தான், மெழுகுதிரி வாசனை, ஸ்டெல்லாவின் நீலச் சேலை, எல்லாம் இருக்கிறது, சொன்ன பேர் இருந்த இடத்தில் மட்டும் கண்ணூர் மாதிரி ஒன்றுமில்லை.

எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் நின்றுவிட்டது. சாமியார் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வருகிறார், ஒரு துளி ததேயூஸின் நெற்றியில் சில்லென்று விழுந்தது. எழுந்தார். பெண்கள் பக்கம் மெற்றில்டா கழுத்து ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது, பக்கத்தில் ஸ்டெல்லா. கொடிமரத்தடியில் போய் நின்று தொண்டையைச் செருமினார். "ஷிஜின்!" குரல் நன்றாகத்தான் வந்தது. "உண்டு." ஒரு கை வந்து மரத்தைத் தொட்டது. "றோபின்!" "உண்டு." ஜெனிஷ் உண்டு, டைட்டஸ் உண்டு, ஒவ்வொருவனாகத் தொட்டுவிட்டு மணலில் இறங்குகிறான், பேர்கள் அதனதன் இடத்திலிருந்து தானாக எழும்பி வருகின்றன, இப்படியே வந்துவிடும், நினைக்காமல் விட்டால் வந்துவிடும், தலையைக் குனிந்தால் போதும், பின்னாலிருந்து யாராவது எடுத்துக்கொள்ளுவார்கள். பத்தாவது ஆளும் தொட்டுவிட்டுப் போனான். வரிசையில் மஞ்சள் ஜெர்சி மட்டும் நிற்கிறது. விடைத்த காது. ததேயூஸ் வாயைத் திறந்தார். "லூர்தையன்!"

கொடிக்கயிறு மரத்தில் தட்டுகிற சத்தம் கேட்டது. சொன்ன மறுகணமே என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. சிரிப்பு வரப்போகிறது என்று தோளைக் குறுக்கிக்கொண்டார், அடிவாங்கத் தயாராகிறவன் மாதிரி. வரவில்லை. ஒருத்தரும் சிரிக்கவில்லை. தடுக்கி விழுந்தவனைத் தூக்குவதற்கு முன்னால் சிரிக்கிற ஊர், இழவு வீட்டில்கூடப் பட்டப்பேர் சொல்லிச் சிரிக்கிற ஊர், இன்றைக்கு அத்தனை சனமும் தரையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. பெர்க்மான்ஸ் தரையைப் பார்க்கிறார். சாமியார் தீர்த்தச் செம்பைப் பார்க்கிறார். ஆச்சரியப்பட்ட முகம் ஒன்றுகூட இல்லை. அப்படியென்றால் இவர்களுக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும், எப்போதிலிருந்தோ தெரியும், இவர் ஒளித்து ஒளித்து வைத்ததை ஊரே சேர்ந்து ஒளித்து வைத்திருக்கிறது. அதற்கு அவர்கள் சிரித்திருக்கலாம்.

"உண்டு" என்றான் கோலி.

தெளிவாக, மைதானத்துக்குக் கேட்கிற மாதிரி, அப்பனின் தொண்டையில் சொன்னான். சொல்லிவிட்டு வந்து கொடிமரத்தில் கையை வைத்தான். பெண்கள் பக்கம் ஸ்டெல்லாவிடமிருந்து ஒரு கேவல் எழும்பிற்று, மெற்றில்டா அவளை இழுத்து அணைத்துக்கொண்டாள், யார் யாரைத் தேற்றுகிறார்கள் என்று தெரியவில்லை, இரண்டு பேரும் அழுதார்கள். ததேயூஸ் பக்கத்தில் நின்ற முகத்தைப் பார்த்தார், பார்த்ததும் வந்தது, இத்தனை நேரம் எங்கே போயிருந்ததோ, ஒரு சிரமமும் இல்லாமல் வந்தது, அபிலேஷ். அபிலேஷ், அபிலேஷ். ஞானஸ்நானத் தொட்டியில் சொன்ன பேர். திருத்திவிடலாம் என்று வாயைத் திறந்தார். அபிலேஷ் அதற்குள் கையுறையை மாட்டி, அந்தக் கையை அவர் தோளில் வைத்தான். வைத்த விதத்திலேயே அவருக்கு விளங்கிவிட்டது, அந்தக் கையை அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தானே.

"சாரே" என்றான், மற்றவர்களுக்குக் கேட்காமல், ரொம்ப மெத்தென்று. "நீங்க பெஞ்சில இரிங்க. நாங்க பாத்துக்கிடுவோம்."

"சரி மக்கா" என்றார் ததேயூஸ். சொல்லிவிட்டு உடனே கீழே குனிந்தார். காலில் கட்டுவதற்குக் கயிறு இல்லை, ரப்பர் செருப்புதான் போட்டிருந்தார்.